பிள்ளைகளுக்கு டென்னிஸ்: கோர்ட் ஓரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை டென்னிஸில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரும், சின்னப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் கோச்சுகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பல பதில்கள் 2, 3-ஆம் கேள்விகளை நம்பியே நிற்கின்றன. அவற்றை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. எந்த வயசுல சேர்க்கலாம்?

5 வயதில் சேர்க்கலாம். ஆனால் அந்த வயதில் நடப்பது டென்னிஸுக்கான முன்தயாரிப்புதான். பந்தை உருட்டுவது, ஒருமுறை குதித்து வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிப்பது, தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோய் எறிவது, ஓடிவந்து தடுமாறாமல் நிற்பது ஆகியவை வந்தால்தான் ராக்கெட் கையில் நிற்கும். வாரம் 2 நாள், 45 நிமிடம் போதும்.

10, 11 வயதில் ஆரம்பித்தால் தாமதமாகிவிட்டதா என்றும் கேட்கிறார்கள். ஆகவில்லை. கிரிக்கெட்டிலோ பேட்மிண்டனிலோ ஓடி எறிந்து பழகிய பிள்ளை, 5 வயதிலிருந்து டென்னிஸ் மட்டுமே ஆடிவந்த பிள்ளையைப் பல நேரம் ஒரே வருடத்தில் எட்டிப் பிடித்துவிடும். வெறும் கையால் 20 மீட்டர் எறியத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி சர்வீஸ் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு பந்து வேற வேற கலர்ல இருக்கே. என்ன வித்தியாசம்?

நிறம் வெறும் அடையாளம். வித்தியாசம் பந்தின் எடையிலும் அது எவ்வளவு எழும்புகிறது என்பதிலும் இருக்கிறது. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டால் பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்பும். பச்சைப் புள்ளி போட்ட பந்து 120 முதல் 135, ஆரஞ்சு 105 முதல் 120, சிவப்பு 90 முதல் 105. மஞ்சள் பந்தின் எடை 56 கிராமுக்கு மேல். சிவப்புப் பந்து 36 முதல் 49 கிராம், அளவில் கொஞ்சம் பெரியது, காற்றில் மெதுவாக வரும்.

கோர்ட்டும் அதற்கேற்றபடி மாறும். சிவப்புக்கு நீளம் சுமார் 11 முதல் 12.8 மீட்டர், வலை 80 செ.மீ. உயரம். ஆரஞ்சுக்கு நீளம் 18 மீட்டர் அளவில் வரும். பச்சைக்கு முழுக் கோர்ட், அதாவது 23.77 மீட்டர் நீளம், வலை நடுவில் 91.4 செ.மீ. சிவப்புக் கோர்ட்டைப் பெரிய கோர்ட்டின் குறுக்கே போட்டுக்கொள்ளலாம். டபுள்ஸ் கோடுகள் இரண்டுக்கும் இடையே 10.97 மீட்டர் இருப்பதால் அவையே பேஸ்லைன், அதாவது பின்எல்லைக் கோடு, ஆகிவிடும்.

தோராயமாக 8 வயதுவரை சிவப்பு, 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 9 முதல் 11 வரை பச்சை. வயதைவிட ஆட்டத்தைப் பார்த்து மாற்றுவது நல்லது. இருவர் சேர்ந்து 10 பந்து விடாமல் ரேலி ஆடி, மேலிருந்து சர்வீஸும் போட்டு ஒரு சின்ன ஆட்டத்தை முடிக்க முடிந்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். 2012 ஜனவரியிலிருந்து 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்பது டென்னிஸின் விதியாகவே இருக்கிறது.

3. என் பையன் மஞ்சப் பந்துலயே நல்லா அடிக்கிறான். எதுக்குங்க அவனுக்குக் குழந்தைங்க பந்து?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் கெடுதல் நடப்பதும் இங்கேதான்.

7 வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 120 செ.மீ. மஞ்சள் பந்து எழும்பினால் அவன் தோளையும் தாண்டித் தலைக்குப் போகும். அவ்வளவு உயரத்தில் வரும் பந்தை இயல்பான பிடியில் அடித்தால் வானத்துக்குப் போய்விடும். அதனால் பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறான்: கையை ராக்கெட்டின் அடிப்பக்கத்துக்குச் சுழற்றிக்கொள்கிறான். அந்தப் பிடியில் தலைக்கு மேலே வரும் பந்தும் உள்ளே விழும். பார்ப்பவர்களுக்கு நன்றாக அடிப்பதாகத்தான் தெரியும். 13 வயதில் உயரமாகி, பந்து இடுப்புக்குக் கீழே வரத் தொடங்கும்போது அதே பிடியில் தாழ்ந்த பந்தை எடுக்க முடியாது, வலைக்குப் பக்கத்தில் போய் வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அடிக்க முடியாது. ஐந்தாறு வருடம் ஊறிய பிடியை அப்போது மாற்றுவது பெரும்பாடு.

இன்னொன்று, அவன் நிற்கும் இடத்தைப் பாருங்கள். உயரமாக வரும் பந்து இறங்கட்டும் என்று பேஸ்லைனுக்கு மூன்று மீட்டர் பின்னால் போய் நிற்பான். அங்கிருந்து கோணம் பார்த்து அடிப்பது, டிராப் ஷாட் (வலையைத் தாண்டியதும் மெல்ல விழவைக்கும் அடி) போடுவது எதுவும் வராது. திருப்பி அனுப்புவது மட்டுமே ஆட்டமாகிவிடும்.

எந்த நிறம் சரி என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நிதானமான ரேலியில் பந்து பிள்ளையின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வர வேண்டும். பத்தில் ஏழு பந்து அதற்கு மேலே வந்தால் ஒரு நிறம் கீழே இறங்குங்கள். இதைத் தரம் இறக்குவதாகப் பிள்ளையிடமோ மற்றவர்களிடமோ பேசிவிடாதீர்கள்.

4. பேட் எந்த சைஸ் வாங்கறது? கொஞ்சம் பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் வருமே?

பள்ளிச் சீருடைக்கு அந்தக் கணக்கு சரி, ராக்கெட்டுக்கு ஆகாது. பிள்ளையை நேராக நிற்கவைத்துப் பிடியைப் பிடித்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ராக்கெட்டின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தரையில் இடித்துக் கை மடங்கினால் அது பெரியது. தோராயமாக 100 முதல் 115 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 21 அங்குலம், 115 முதல் 125 வரை 23, 125 முதல் 140 வரை 25, அதற்கு மேல் 26 அங்குலம். பெரியவர்களின் ராக்கெட் 27 அங்குலம். 150 செ.மீ. உயரமும் அதைச் சுழற்றும் வலுவும் வரும்வரை அதற்கு அவசரம் இல்லை.

பெரிய ராக்கெட்டைத் தூக்கும் பிள்ளை பிடியின் அடியை விட்டு மேலே ஏற்றிப் பிடிக்கும், மணிக்கட்டு தொங்கும், பந்தை உடம்புக்குப் பின்னால் தாமதமாக அடிக்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் ராக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். பயிற்சி மையங்களில் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ராக்கெட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும், கேட்டுப் பாருங்கள். பிரேமில் விரிசல் இல்லையென்றால் அதுவே போதும்.

5. ரன்னிங் ஷூ இருக்கு. அதுவே போதாதா?

போதாது. ஓட்டத்துக்கான ஷூவில் குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும். டென்னிஸில் பக்கவாட்டில் ஓடி நிற்கும்போது அது கவிழ்ந்து கணுக்கால் பிசகும். டென்னிஸ் ஷூவோ, பக்கவாட்டில் பிடிமானமுள்ள கோர்ட் ஷூவோ வாங்குங்கள். முன்விரலுக்கும் ஷூவுக்கும் நடுவே அரை விரல் இடம் இருந்தால் போதும்.

6. கிரிப் எப்படிப் பிடிக்கச் சொல்லணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ராக்கெட்டின் பிடி எட்டுப் பட்டை கொண்டது. ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் மேலே இருக்கும் தட்டையான பட்டை 1. வலக்கைக்காரருக்கு அங்கிருந்து வலப்புறமாக 2, 3, 4 என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஆள்காட்டி விரலின் அடி முட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறதோ அதுதான் கிரிப். 2-இல் இருந்தால் கான்டினென்டல், 3 ஈஸ்டர்ன், 4 செமி வெஸ்டர்ன், 5 வெஸ்டர்ன். பிடியில் மார்க்கர் பேனாவால் சின்னப் புள்ளி வைத்துவிட்டால் பிள்ளை தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

சர்வீஸ், வாலி, ஸ்மாஷ் மூன்றுக்கும் கான்டினென்டல். ஃபோர்ஹேண்டை (ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது) ஈஸ்டர்னில் ஆரம்பித்து, வளர வளர 4-ஆம் பட்டைப் பக்கம் நகர்ந்தால் விட்டுவிடலாம். 5-ஐத் தாண்டினால் 3-ஆம் கேள்விக்குத் திரும்பிப் போய் முதலில் பந்தை மாற்றுங்கள். பந்து தாழ்ந்து வரத் தொடங்கினால் பிடி பெரும்பாலும் தானே மேலேறிவிடும்.

7. இடது கையில எடுக்கிறான். வலது கைக்கு மாத்தணுமா?

மாற்றவே கூடாது. பந்தை எறியச் சொன்னால் எந்தக் கை முதலில் எழுகிறதோ அந்தக் கையிலேயே ஆடட்டும். இடக்கை சர்வீஸ் எதிர்த்திசையில் வளைந்து வருவதால் எதிராளிக்கு அது சங்கடம்தான், பிள்ளைக்கு லாபம்.

8. கிளாஸ்ல நல்லா சொல்லித் தராங்களான்னு டென்னிஸ் தெரியாத நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?

எண்ணிப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், கோச் கூடையிலிருந்து நாலு விநாடிக்கு ஒரு பந்து போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடத்தில் 600 பந்து, பிள்ளைக்கு 60. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதே பத்துப் பேரை ஐந்து ஜோடியாகச் சின்னக் கோர்ட்டுகளில் சிவப்புப் பந்தோடு ஆடவிட்டால், பந்து பொறுக்கும் நேரம் போக ஒவ்வொருவரும் 250 பந்தாவது அடிப்பார்கள். அதைவிட, தன்னை நோக்கி எங்கே வருகிறது என்று தெரியாத பந்தைப் பார்த்து நகர்ந்து அடிப்பதுதான் டென்னிஸ். கூடைப் பந்து எப்போதும் ஒரே இடத்துக்கு வரும்.

கூடைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. புது அடி ஒன்றைப் பழக்கும் பத்து நிமிடத்துக்கு அதுதான் வேண்டும். ஒரு மணி நேரமும் அதுவாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். 8 வயதுக்குட்பட்டவர்களில் ஒரு கோச்சுக்கு ஆறு பேருக்கு மேல் இருந்தால் உதவிக்கு ஒருவர் தேவை. ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது ஒரு வடிவில் பாயிண்ட் வைத்து ஆடுகிறார்களா என்பதையும் பாருங்கள்.

9. சர்வீஸ் எப்ப ஆரம்பிக்கணும்? பந்தைத் தூக்கிப் போடவே வரலையே.

முதல் மாதத்திலேயே ஆரம்பிக்கலாம், சர்வீஸ் என்று சொல்லாமல். பழைய பந்தைத் தோளுக்கு மேலிருந்து வலையைத் தாண்டி எறியச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று, முழங்கை தோள் மட்டத்துக்கு எழுந்து, எறிந்து முடிக்கையில் மார்பு முன்னால் திரும்பியிருந்தால் அதுவே சர்வீஸின் உடல் அசைவு.

அடுத்தது பிடி. பிள்ளைகள் ராக்கெட்டைத் தோசைத் திருப்பிபோல, முகம் வானத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு பந்தைத் தட்டிவிடுவார்கள். அது உள்ளே விழும் என்பதால் விட மாட்டார்கள். ஆனால் அதில் வேகமும் வராது, சுழற்சியும் வராது. சுத்தியலால் ஆணி அடிப்பதுபோல விளிம்பு முன்னால் இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள், கான்டினென்டல் வந்துவிடும். இரண்டு வாரம் பந்தெல்லாம் ஓரத்தில் போய் விழும். அந்த இரண்டு வாரத்தைப் பொறுத்துக்கொள்ளாததால்தான் பலருடைய சர்வீஸ் கடைசிவரை தோசைத் திருப்பியாகவே நின்றுபோகிறது.

டாஸ் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பந்தை உள்ளங்கையில் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டி எறிவது. பந்தை விரல் நுனிகளில் பிடித்து, தண்ணீர் தளும்பும் டம்ளரை மேல் அலமாரியில் வைப்பதுபோலக் கையை மடக்காமல் தூக்கி, கண் மட்டத்துக்கு வந்ததும் விரல்களைத் திறந்தால் போதும். ராக்கெட்டை நீட்டினால் எட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். சரிபார்க்க, முன்காலுக்கு ஓரடி முன்னால் ராக்கெட்டைத் தரையில் வைத்து, டாஸ் போட்டு அடிக்காமல் விடச் சொல்லுங்கள். பந்து ராக்கெட்டின் தலையில் விழ வேண்டும். பத்துக்கு ஆறு விழுந்ததும் சர்வீஸ் கோட்டிலிருந்து (வலைக்கும் பேஸ்லைனுக்கும் நடுவில் இருக்கும் குறுக்குக் கோடு) அடிக்க ஆரம்பித்து, பத்துக்கு ஏழு உள்ளே போனால் இரண்டு அடி பின்னால் என்று நகர்த்துங்கள்.

10. பேக்ஹேண்ட் ஒரு கையா, ரெண்டு கையா?

12 வயதுக்குள் இரண்டு கை. ஒற்றைக் கையில் உயரமான பந்தைத் தாங்கும் வலு பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போது இருக்காது. கீழ்க்கை கான்டினென்டல், மேல்கை ஈஸ்டர்ன். வலக்கைக்காரருக்கு இந்த அடியில் வேலை செய்ய வேண்டியது இடது கை. அது சும்மா ஒட்டிக்கொண்டு வருவதுதான் பொதுவான கோளாறு. தினமும் 20 பந்து இடது கையால் மட்டும் ஃபோர்ஹேண்ட் அடிக்கவைத்தால் மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் தெரியும்.

11. வீட்டுல எப்படிப் பழகறது? எங்களுக்கு மொட்டை மாடி மட்டும்தான் இருக்கு.

மொட்டை மாடியே தாராளம். படிக்கட்டு அறைச் சுவரில் 91 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள், அதுதான் வலை. ஸ்பாஞ்ச் பந்தோ சிவப்புப் பந்தோ எடுத்துக்கொண்டு 4 மீட்டர் தள்ளி நின்று, கோட்டுக்கு மேலே அடிக்கட்டும். திரும்பி வரும் பந்து இரண்டு முறை குதித்தாலும் பரவாயில்லை. சுவரை நெருங்கி நின்று வேகவேகமாக அடித்தால் ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோக நேரமில்லாமல் தட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தொடர்ச்சியாக எத்தனை என்று எண்ணி, நேற்றைய எண்ணைத் தாண்டப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

இரண்டு நாற்காலிக்கு நடுவே கயிறு கட்டினால் அக்கா தம்பி ஆட ஒரு வலை. கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே இல்லையென்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பந்து தெருவில் விழுந்தால் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

12. இங்க அடிக்கிற வெயில்ல விளையாட விடலாமா?

ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 முதல் 8, மாலை 5-க்கு மேல். ஹார்ட் கோர்ட் சூட்டைத் திருப்பி வீசும், அதனால் அதே நேரத்தில் மண் கோர்ட்டைவிட அங்கே களைப்பு சீக்கிரம் வரும். கடலோர ஊர்களில் வியர்வை உலராத புழுக்கம் இன்னொரு சிக்கல்.

9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர். தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது, உப்புப் போட்ட நீர்மோரோ பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுங்கள். தலைவலி, குமட்டல், வெயிலிலேயே மயிர்க்கூச்செறிதல் வந்தால் உடனே நிறுத்தி நிழலில் உட்காரவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ ஈரத்துணியை எடுக்காமலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

13. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பக்கத்து வீட்டுப் பையன் தினமும் நாலு மணி நேரம் போறான்.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரே விளையாட்டில் வேண்டாம். 10 வயதென்றால் 10 மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. 12 வயதுவரை நீச்சலோ கால்பந்தோ கூடவே இருப்பது நல்லது, ஏனென்றால் டென்னிஸ் ஒரு பக்கத் தோளையும் இடுப்பையும் மட்டுமே அதிகம் உழைக்கவைக்கும்.

14. முழங்காலுக்குக் கீழ வலிக்குதுங்கறான், குதிகால் வலிங்கறான். வளர்ற வலிதானே?

இரவில் இரண்டு கால்களும் பொதுவாக நோவது வேறு. ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது வேறு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் இன்னும் இறுகாத குருத்துப் பகுதி உண்டு. தசைநார் அதைத் திரும்பத் திரும்ப இழுக்கும்போது வீங்கி வலிக்கும். குதிகாலில் வந்தால் சீவர் நோய், முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்புப் புடைப்பில் வந்தால் ஆஸ்குட் ஷ்லாட்டர். திடீரென்று உயரும் பருவத்தில் எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கி இறுகிவிடுவதால் அப்போது அதிகம் வரும். பெரும்பாலும் குதிப்பதையும் ஓடுவதையும் சில வாரம் குறைத்து, கெண்டைக்கால் தொடைத் தசைகளை நீட்டிவிட்டால் அடங்கும்.

நொண்டி நடந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கீழ்முதுகு வலி, அதுவும் சர்வீஸுக்காகப் பின்னால் வளையும்போது வந்தால் காத்திருக்கக் கூடாது. முதுகெலும்பில் நுண்ணிய முறிவு இருக்கலாம், எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி மாத்திரை போட்டுவிட்டு மேட்ச் ஆடவைப்பது எந்த வயதிலும் தவறு.

15. பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. கொஞ்ச நாள் நிறுத்தணுமா?

உடல் காரணம் எதுவும் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் அவளுக்கு முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் விடலாம். அவளே முடிவெடுக்கட்டும். கோர்ட்டில் பூட்டுள்ள சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் ஆடும் பெண் பிள்ளைகள் உண்டு. சரியான ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள். களைப்பு நீடித்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவு இந்த வயதில் சகஜம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்கின்றனவா என்பதைக் கவனிக்கும்படி கோச்சிடம் சொல்லுங்கள், பெண் பிள்ளைகளின் மூட்டு நார் காயங்களுக்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்த வயதில் நிறுத்தியவர்களில் திரும்பி வருபவர்கள் மிகக் குறைவு.

16. பெரிய பிளேயர்ஸ் போடற ஸ்ட்ரிங்கே போடலாமா?

அவர்களில் பலர் போடும் பாலியெஸ்டர் நரம்பு கெட்டியானது, அதிர்ச்சியை நேரே முழங்கைக்கு அனுப்பும். வேகமாகச் சுழற்றுபவர்களுக்குத்தான் அதனால் பயன். 14 வயதுவரை சிந்தெடிக் கட், மல்டிஃபிலமென்ட் என்ற மென்மையான நரம்புகளில் ஒன்று 45 முதல் 50 பவுண்டு இழுவிசையில் போதும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறார்களோ, வருடத்துக்கு அத்தனை முறை மாற்றுவது நெடுநாள் வழக்கம். அறுந்தால்தான் மாற்றுவது என்று இருக்காதீர்கள்.

17. டோர்னமென்ட்டுக்கு எப்ப அனுப்பலாம்?

தானே சர்வீஸ் போட்டு, தானே ஸ்கோர் சொல்லி, ஒரு செட்டை யாருடைய உதவியும் இல்லாமல் முடிக்கத் தெரிந்தபின். முதலில் உள்ளூரில், ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு மேட்ச் கிடைக்கும் ரவுண்ட் ராபின் போட்டிகளுக்கு அனுப்புங்கள். நாக் அவுட்டில் தோற்றால் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக வெளியூர் போய் லாட்ஜில் தங்குவது முதல் வருடத்தில் வீண்.

பின்னர் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பிறந்த தேதிச் சான்றோடு பதிவு செய்து எண் வாங்க வேண்டும். 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. டேலன்ட் சீரிஸ் ஆரம்பப் படி, அதற்கு மேல் சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ். சர்வதேச ஜூனியர் போட்டிகளில் 13 வயது நிறைந்தபின்தான் ஆட முடியும். வயதுக்கு மீறிய பிரிவில் ஆடவைத்தால் சீக்கிரம் முன்னேறுவான் என்பது எப்போதாவதுதான் பலிக்கும். பாதி மேட்ச் ஜெயித்து, பாதி தோற்கும் மட்டத்தில் இருப்பதுதான் பிள்ளை வளரும் இடம்.

18. அம்பயரே இல்ல. எதிர்ல ஆடறவன் உள்ள விழுந்த பந்தையெல்லாம் அவுட்டுங்கறான். என்ன பண்றது?

ஜூனியர் போட்டிகளின் ஆரம்பச் சுற்றுகளில் இதுதான் நடைமுறை. அவரவர் பக்கம் விழும் பந்தை அவரவர் சொல்ல வேண்டும். கோட்டைத் துளி தொட்டாலும் உள்ளே. சந்தேகம் இருந்தால் அதுவும் உள்ளே, எதிராளிக்குத்தான் பாயிண்ட். அழைப்பு உடனே, எல்லோருக்கும் கேட்கும்படி வர வேண்டும்.

சந்தேகமான அழைப்பு வந்தால் பிள்ளை செய்ய வேண்டியது: முதல் முறை, "நிச்சயமாகத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. மண் கோர்ட்டாக இருந்தால் தடத்தைக் காட்டச் சொல்லலாம். திரும்ப நடந்தால் அடுத்த பாயிண்டைத் தொடங்காமல் கோர்ட்டில் நின்றபடியே கை தூக்கி அதிகாரியை அழைக்க வேண்டும். அவர் வந்து நின்றாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்கோரில் தகராறு வராமலிருக்க, சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு பாயிண்டுக்கு முன்னும் ஸ்கோரை உரக்கச் சொல்லும் பழக்கத்தை வகுப்பிலேயே ஊட்டுங்கள். கம்பிவேலிக்கு வெளியிலிருந்து அப்பா கத்துவது மட்டும் உதவாது. அதற்குத் தண்டனை பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

19. பிராக்டிஸ்ல பிரமாதமா ஆடறா. மேட்ச்னா கை நடுங்குது, டபுள் ஃபால்ட்டா போடறா.

பயிற்சியில் அவள் ஆடுவது வேறு ஆட்டமாக இருக்கலாம். கூடைப் பந்தை 50 முறை அடிக்கும்போது தவறுக்கு விலை இல்லை (8-ஆம் கேள்வி). ஆகவே பயிற்சிக்குள் விலையைக் கொண்டுவாருங்கள்: 30-30-இலிருந்து ஆரம்பிக்கும் கேம்கள், 2-4 பின்தங்கிய நிலையிலிருந்து ஆடும் செட், ஒரே ஒரு சர்வீஸ் மட்டும் அனுமதிக்கும் டை பிரேக் (செட் சமநிலையில் நிற்கும்போது அதை முடிவுசெய்யும் கேம்). இந்தக் கடைசிப் பயிற்சி இரண்டாவது சர்வீஸைத் தேற்றும். இரண்டாவது சர்வீஸை மெதுவாகத் தள்ளிவிடுவதுதான் டபுள் ஃபால்ட்டின், அதாவது இரண்டு சர்வீஸும் தவறிப் பாயிண்டை இழப்பதன், வேர். கையை அதே வேகத்தில் சுழற்றி, பந்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து, வலைக்கு ஒரு மீட்டர் மேலே போகும்படி அடிக்க வேண்டும்.

ஒரு பாயிண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே விதிப்படி 25 விநாடி இருக்கிறது. பதற்றத்தில் பிள்ளைகள் பத்தே விநாடியில் அடுத்த சர்வீஸைப் போட்டுவிடுவார்கள். பின்பக்க வேலிவரை நடப்பது, நரம்புகளைச் சரிசெய்வது, ஒரு நீண்ட மூச்சு, எங்கே சர்வீஸ் போடப்போகிறோம் என்ற முடிவு, மூன்று முறை பந்தைத் தட்டுவது என்று ஒரே வரிசையைப் பழக்குங்கள்.

20. உயரம் கம்மியா இருக்கான். டென்னிஸ்ல மேல வர முடியுமா?

சர்வீஸ் மட்டும்தான் உயரத்தைக் கேட்கிறது. கணக்குப் போட்டால், பேஸ்லைனிலிருந்து நேர்கோட்டில் அடிக்கும் பந்து வலையின் நடுப்பகுதியை உரசாமல் தாண்டி வலையிலிருந்து 6.40 மீட்டரிலுள்ள சர்வீஸ் கோட்டுக்குள் விழ, 2.61 மீட்டர் உயரத்தில் அடித்தாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது எட்டாது. அதனால்தான் தட்டையாக ஓங்கி அடிக்கும் சர்வீஸ் இந்த வயதில் யாருக்கும் வேண்டாம், சுழற்சியோடு வளைந்து இறங்குவது வேண்டும் என்கிறோம். குள்ளமான பிள்ளை இதை முதலில் கற்றுக்கொள்வான்.

நம் ஊரில் இதற்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அரையிறுதிவரை போன ராமநாதன் கிருஷ்ணனும், 1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்ற அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் வேகத்தால் வென்றவர்கள் அல்லர். பந்தை எங்கே, எப்போது வைப்பது என்ற கணிப்பும் கையின் மென்மையும்தான் அவர்கள் முதலீடு. ராமநாதனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர் அப்பா.

21. தோத்துட்டு வர்றப்ப என்ன பேசறதுன்னே தெரியல.

முதலில் சாப்பாடு. தோற்ற அரை மணி நேரத்துக்குள் பேசும் எதுவும் மண்டையில் ஏறாது. அவளே ஆரம்பித்தால் கேளுங்கள். மறுநாள் இரண்டு கேள்வி போதும்: எந்த அடி நன்றாக இருந்தது, அடுத்த வாரம் எதைப் பழகலாம். முதல் சர்வீஸ் எத்தனை உள்ளே போனது, டபுள் ஃபால்ட் எத்தனை என்று மேட்சின்போது ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டுவைத்திருந்தால் கோச்சிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளையிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். வாசலில் கழற்றிப்போட்ட ஷூவுக்குள் இன்னும் ஈரம் இருக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், காலையில் வகுப்புக்குத் தயாராகிவிடும்.